சூறாவளிக்குப் பின் ஏழைக் குடும்பங்களின் வீட்டைத் திரும்பக் கட்டுதல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவின் வளைகுடாக் கரைக்கும் அட்லாண்டிக் கரைக்கும் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை சூறாவளிக் காலம். வசதியில்லாதவர்களின் வீடு சேதமானால் தொண்டு நிறுவனங்கள் அதை எப்படித் திரும்பக் கட்டுகின்றன, எங்கே சிக்கல் வருகிறது என்பதே இந்தப் பக்கம். தொண்டு வேலைக்குப் போக நினைப்பவர்கள், பணம் தர நினைப்பவர்கள், தெரிந்தவர் வீட்டைப் பறிகொடுத்ததால் விவரம் தேடுபவர்கள் ஆகிய மூன்று தரப்பையும் மனதில் வைத்து எழுதியிருக்கிறோம்.

புயல் அடித்த மறுவாரமே வந்து வீடு கட்ட உதவலாமா?

வரலாம், ஆனால் கட்டும் வேலை இருக்காது. மறுவாரம் நடப்பதெல்லாம் அப்புறப்படுத்தும் வேலைதான்: விழுந்த மரத்தை அறுப்பது, கூரைக்குத் தார்ப்பாய் போடுவது, நனைந்த சாமான்களைத் தெருவோரம் கொண்டுபோய்க் குவிப்பது, ஊறிப்போன சுவர்ப் பலகையைப் பிய்ப்பது. கட்டுமானம் தொடங்க ஆறு மாதம் ஆகும். ஓராண்டு ஆவதும் சகஜம். எந்தப் பணம் எவ்வளவு வரும் என்று தெரிய வேண்டும், மரம் காய வேண்டும், பெர்மிட் கைக்கு வர வேண்டும்.

செய்தியில் அடிபடும் முதல் மூன்று மாதம் ஆட்கள் குவிவார்கள். சுத்தியல் பிடிக்க ஆள் வேண்டிய நேரத்தில் யாரும் இருக்க மாட்டார்கள். கத்ரீனா கரை ஏறியது 2005 ஆகஸ்ட் 29. பத்தாண்டு கழிந்தும் நியூ ஆர்லியன்ஸில் தொண்டர்கள் அந்தப் புயலில் போன வீடுகளைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். ஒரு தடவைதான் வர முடியும் என்றால் இரண்டாம் ஆண்டு வாருங்கள்.

வீட்டுக் காப்பீடு இருக்குமே, அரசும் கொடுக்குமே. பிறகு எதற்குத் தொண்டு நிறுவனம்?

சாதாரண வீட்டுக் காப்பீடு வெள்ளத்தை ஏற்காது. காற்று கூரையைப் பிய்த்து மழை உள்ளே விழுந்தால் பணம் உண்டு; அதே நீர் தெருவிலிருந்து வாசல் வழியாக வந்தால் இல்லை. வெள்ளத்துக்குத் தனியாகத் தேசிய வெள்ளக் காப்பீட்டுத் திட்டத்தில் சேர வேண்டும். அது வீட்டுக்கு 2,50,000 டாலர், சாமான்களுக்கு 1,00,000 டாலர் வரை தரும். அரசின் வெள்ள வரைபடத்தில் அபாயப் பகுதி என்று குறித்த இடத்துக்கு வெளியே இருப்பவர்கள் பெரும்பாலும் இதை எடுப்பதில்லை. 2017-இல் ஹார்வி வந்தபோது டெக்சாஸின் நெடர்லாந்தில் 60.58 அங்குல மழை கொட்டியது. அப்படிப்பட்ட மழைக்கு வரைபடக் கோடு தெரியாது.

அடுத்தது ஃபீமா, அதாவது மத்தியப் பேரிடர் மேலாண்மை நிறுவனம். வீட்டுச் செலவுக்கு அது தரக்கூடிய உச்சத்தொகை, 2024 அக்டோபர் 1 முதல் ஓராண்டுக்குள் அறிவிக்கப்பட்ட பேரிடர்களுக்கு 43,600 டாலராக இருந்தது. விலைவாசிக்கேற்ப ஆண்டுதோறும் மாறும். உச்சத்தொகை என்பதால் எல்லாருக்கும் அவ்வளவு கிடைக்கும் என்று பொருளில்லை. வீட்டைப் பாதுகாப்பாக, குடியிருக்கத் தக்கதாக ஆக்குவதற்கே அந்தப் பணம். பழைய நிலைக்கு முழுதாகக் கொண்டுவருவதற்கு அல்ல. சிறுதொழில் நிர்வாகம் குறைந்த வட்டிக்குப் பேரிடர்க் கடன் தரும். ஆனால் வருமானமும் கடன் வரலாறும் பார்ப்பதால் ஏழைகளுக்கு அங்கே கதவு எளிதில் திறக்காது.

மூன்றாவது, வீட்டுவசதித் துறை வழியாக மாநிலங்களுக்கு வரும் பேரிடர் மீட்பு நிதி. தொகை பெரிது. ஆனால் நாடாளுமன்றம் ஒதுக்கி, மாநிலம் திட்டம் வகுத்து, குடும்பத்தின் கைக்கு வந்து சேர ஆண்டுக்கணக்கில் ஆகும். விதியை எப்படி எழுதுகிறார்கள் என்பதிலும் ஏழைக்கு அடி விழலாம். கத்ரீனாவுக்குப் பின் லூசியானா நடத்திய ரோட் ஹோம் திட்டம், பழுதுச் செலவு, புயலுக்கு முந்தைய வீட்டு மதிப்பு இரண்டில் குறைவானதை வைத்துக் கணக்குப் போட்டது. கறுப்பின மக்கள் வாழும் பகுதியில் வீட்டு மதிப்பு குறைவு, பலகையும் ஆணியும் மட்டும் எல்லா இடத்திலும் ஒரே விலை. வழக்கு நடந்து 2011-இல் 62 மில்லியன் டாலருக்கு உடன்பாடு ஆயிற்று. இத்தனைக்கும் பிறகு மிஞ்சும் பள்ளத்தைத்தான் தொண்டு நிறுவனங்கள் நிரப்புகின்றன.

யார் யார் இந்த வேலையைச் செய்கிறார்கள்?

மெனோனைட் டிசாஸ்டர் சர்வீஸ் 1950 முதல் களத்தில் இருக்கிறது. ஹேபிடட் ஃபார் ஹியுமானிட்டி 1976-இல் தொடங்கியது. ரீபில்டிங் டுகெதர், மெதடிஸ்ட், லூத்தரன், கத்தோலிக்கத் திருச்சபைகளின் நிவாரணப் பிரிவுகள் உண்டு. லூசியானாவின் செயின்ட் பெர்னார்ட் பாரிஷில் (பாரிஷ் என்பது அங்கே மாவட்டம்) 2006-இல் பிறந்த எஸ்.பி.பி., டொயோட்டா தொழிற்சாலையின் உற்பத்தி முறையைக் கடன் வாங்கி, ஒரு வீட்டுக்கு ஆகும் காலத்தை ஏறக்குறையப் பாதியாகக் குறைத்தது. இவர்களையெல்லாம் ஒரே மேசையில் உட்கார வைக்க, கமில் சூறாவளிக்குப் பிறகு 1970-இல் ஒரு தேசியக் கூட்டமைப்பும் உருவானது.

களத்தில் நீங்கள் தேட வேண்டியது இவை எதையும் அல்ல, அந்தந்த மாவட்டத்தின் நீண்டகால மீட்புக் குழுவைத்தான். ஒரு குடும்பத்துக்கு ஒரு பொறுப்பாளர் இருப்பார். அவர் ஆவணங்களைத் திரட்டிக் குழுவின் முன் வைப்பார். குழுவில் ஓர் அமைப்பு பொருள் தரும், ஒன்று ஆள் தரும், ஒன்று மீதிப் பணம் தரும். குழுவைக் கேட்காமல் நேரடியாக ஒரு வீட்டில் வேலை தொடங்கினால், அடுத்த தெருவில் இன்னும் மோசமாக இருக்கும் வீடு கண்ணில் படாமலே போகும்.

குடும்பத்திடமே பணத்தைக் கொடுத்துவிட்டால் என்ன?

நல்லெண்ணம்தான். ஆனால் அதே குடும்பத்துக்கு அது பின்னால் வினையாகலாம். ஒரே சேதத்துக்கு இரண்டு இடத்தில் பணம் வாங்கக் கூடாது என்பது மத்திய அரசின் பேரிடர் உதவிச் சட்டமான ஸ்டாஃபோர்ட் சட்டத்தின் 312-ஆம் பிரிவு. கூரைக்கென்று நீங்கள் கொடுத்த தொகை, நாளைக்கு மாநிலத் திட்டம் கூரைக்குத் தரும் தொகையிலிருந்து கழிக்கப்படலாம். அதனால்தான் குழுக்கள் தொண்டுப் பணத்தைக் கடைசிப் பணமாக வைத்துக்கொள்கின்றன: முதலில் காப்பீடு, பிறகு ஃபீமா, கடன், மாநில நிதி, எல்லாம் வந்து முடிந்த பிறகு எஞ்சுவதற்கு மட்டும் தொண்டு. கொடுக்கும்போதும் பொருள் விற்பவருக்கோ கான்ட்ராக்டருக்கோ நேரடியாகக் கொடுப்பார்கள்.

குடும்பத்தினருக்கு ஒரே ஒரு அறிவுரை: ரசீதுகளைப் பத்திரப்படுத்துங்கள். கூரைக்காக வந்த ஃபீமா பணம் விடுதி வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் போய்விடுவது மிகச் சாதாரணம். கூரைக்குச் செலவானதற்கு ரசீது இல்லையென்றால் அடுத்த திட்டம் அந்தத் தொகையை உங்கள் கையில் இருப்பதாகவே எண்ணிக் கழிக்கும்.

யாருக்கு உதவி கிடைக்கும்?

பெரும்பாலான அமைப்புகள் வட்டார நடுநிலை வருமானத்தில் (பாதிக் குடும்பங்கள் இதற்கு மேலே, பாதி கீழே) 80 விழுக்காட்டுக்குக் கீழே இருப்பவர்களை எடுக்கும். சொந்த வீடாக இருக்க வேண்டும், அதிலேயே குடியிருந்திருக்க வேண்டும். முதியவர், மாற்றுத்திறனாளி, சிறு குழந்தைகள் இருக்கும் குடும்பங்களுக்கு முன்னுரிமை. வாடகைக்கு இருந்தவர்கள் இந்த ஏற்பாட்டில் விடுபட்டுப் போகிறார்கள். அவர்களுக்குப் புது வாடகை வீட்டின் முன்பணமும் சாமான்களும் வாங்கித் தர முடிகிறதே தவிர, இழந்த கூரைக்கு ஈடாக எதுவும் செய்ய முடிவதில்லை. இது இந்த அமைப்பின் பெரிய குறை என்பதை மறைக்க வேண்டியதில்லை.

பத்திரம் இறந்துபோன தாத்தாவின் பேரில் இருக்கிறது. என்ன செய்வது?

தெற்கு மாநிலங்களிலும் போர்ட்டோ ரிக்கோவிலும் இது வீட்டுக்கு வீடு உள்ள கதை. உயில் எழுதாமல் மூத்தவர் இறந்திருப்பார், பிள்ளைகள் பேரப்பிள்ளைகள் எல்லாரும் பங்காளிகள், ஒருவர் மட்டும் அங்கே குடியிருந்து வரி கட்டிக்கொண்டிருப்பார். 2017-இல் மரியாவுக்குப் பின் போர்ட்டோ ரிக்கோவில் பத்திரம் காட்ட முடியாமல் மறுக்கப்பட்ட விண்ணப்பங்கள் ஏராளம். 2021 செப்டம்பரில் ஃபீமா விதியைத் தளர்த்தியது. பெரிய பழுதுபார்ப்புக்கு வாங்கிய ரசீது, நீதிமன்ற ஆவணம், மொபைல் ஹோம் (தொழிற்சாலையில் செய்து கொண்டுவந்து நிறுத்தும் வீடு) பூங்காவின் கடிதம் போன்றவற்றை இப்போது ஏற்பார்கள். வேறெதுவும் இல்லாதபோது, பரம்பரை வீட்டுக்குத் தானே எழுதித் தரும் உறுதிமொழியும் செல்லும்.

ஃபீமா ஏற்றாலும் மாநிலத் திட்டங்கள் முழுப் பத்திரம் கேட்கலாம். எனவே வாரிசுரிமை வேலையை முதல் மாதமே தொடங்குங்கள். லூசியானாவில் இதற்கு சக்செஷன் என்று பெயர், டெக்சாஸில் பல வேளைகளில் வாரிசு உறுதிமொழிப் பத்திரமே போதும். ஊருக்கு ஊர் இலவசச் சட்ட உதவி மையம் உண்டு. ஒரு வழக்கறிஞரின் சில மணி நேரம், லாரி நிறையப் பலகையைவிட அதிகப் பயன் தரும் இடம் இது.

ஃபீமா "தகுதியில்லை" என்று கடிதம் போட்டுவிட்டது. அவ்வளவுதானா?

இல்லை. கடிதத்தின் தேதியிலிருந்து 60 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். பல மறுப்புகளின் உண்மைப் பொருள் "ஒரு தாள் குறைகிறது" என்பதுதான்: காப்பீட்டு முடிவுக் கடிதம் இல்லை, பெயரில் ஓர் எழுத்து வேறு, சோதனைக்கு வந்தபோது ஆள் இல்லை. கான்ட்ராக்டரின் எழுத்துபூர்வ மதிப்பீட்டையும் படங்களையும் சேர்த்து அனுப்புங்கள். ஒவ்வொரு பக்கத்திலும் விண்ணப்ப எண்ணையும் பேரிடர் எண்ணையும் எழுதுங்கள். எழுதாத தாள் எந்தக் கோப்பிலும் சேராது.

"50 விழுக்காட்டு விதி" என்கிறார்களே, அது என்ன?

தொண்டுக் குழுக்கள் அதிகம் அடிவாங்குவது இதில்தான். வெள்ள அபாயப் பகுதியில் இருக்கும் வீட்டைப் பழைய நிலைக்குக் கொண்டுவர ஆகும் செலவு, புயலுக்கு முன்பிருந்த சந்தை மதிப்பில் பாதியைத் தொட்டால், வீடு "பெருஞ்சேதம்" அடைந்ததாகக் கணக்கு. அதன்பின் வெறும் பழுதுபார்ப்புக்கு பெர்மிட் கிடையாது. இன்றைய வெள்ள விதிப்படி, பெரும்பாலும் தரையையே உயர்த்தித்தான் கட்ட வேண்டும்.

சந்தை மதிப்பு என்பது கட்டடத்தின் மதிப்பு மட்டும், மனை சேராது. அதைவிட முக்கியம், இலவச உழைப்புக்கும் விலை உண்டு. கட்டடத்தின் மதிப்பு 90,000 டாலர் என்று வையுங்கள், வரம்பு 45,000. பொருளுக்கு 28,000 ஆகிறது, வேலையெல்லாம் தொண்டர்கள், ஆகவே 28,000தான் என்று நினைப்பீர்கள். தொண்டர்கள் செய்யும் அதே வேலைக்குச் சந்தையில் 20,000 கூலி ஆகும் என்றால் நகராட்சி அதையும் கூட்டும். 48,000. வரம்பு தாண்டிவிட்டது. நன்கொடையாக வந்த ஜன்னலுக்கும் கதவுக்கும் அப்படியே கடை விலை போடுவார்கள்.

எனவே முதல் ஆணி அடிப்பதற்கு முன்பே நகராட்சியின் வெள்ளப்பகுதி அலுவலரைப் பாருங்கள். சில ஊர்களில் வரம்பு 50-க்கும் குறைவு, சில ஊர்களில் பல ஆண்டுப் பழுதுகளைக் கூட்டிப் பார்ப்பார்கள். வரி மதிப்பீட்டில் வீட்டின் மதிப்பு மிகக் குறைவாகப் பதிந்திருந்தால், உரிமம் பெற்ற மதிப்பீட்டாளரிடம் புயலுக்கு முந்தைய மதிப்பை வாங்கித் தாக்கல் செய்யலாம். அது நேர்மையான வழி. வேலையைத் துண்டுதுண்டாகப் பிரித்து பெர்மிட் வாங்கி ஏமாற்றுவது நேர்மையில்லை, பிடிபட்டால் நடுவழியில் வேலை நிற்கும். வீட்டை உயர்த்தியே ஆக வேண்டும் என்றால், வெள்ளக் காப்பீடு வைத்திருந்தவர்களுக்கு அந்தக் காப்பீட்டிலேயே 30,000 டாலர் வரை கூடுதலாக உண்டு. பலர் கேட்காமலே விட்டுவிடுகிறார்கள்.

நனைந்த வீட்டைப் பிரிப்பது எப்படி?

முதலில் படம். சுவரில் தண்ணீர் நின்ற கோட்டுக்குப் பக்கத்தில் அளவுநாடாவை வைத்து எடுங்கள். ஃபிரிட்ஜ், அடுப்பு, தண்ணீர் சூடாக்கி ஆகியவற்றின் வரிசை எண்ணையும் எடுங்கள். நனைந்த கம்பளத்தில் ஒரு துண்டு வெட்டி வையுங்கள், காப்பீட்டுக்காரர் கேட்பார்.

மின்சாரமும் எரிவாயுவும் அணைந்திருப்பதை உறுதி செய்த பிறகுதான் உள்ளே போவது. குறைந்தது என்-95 முகக்கவசம், கண்ணாடி, கையுறை, அடியில் ஆணி ஏறாத பூட்ஸ். தாடி இருந்தால் கவசம் ஒட்டாது, இடுக்கு வழியே பூஞ்சைத் தூள் போகும்.

டிரைவால் எனப்படும் ஜிப்சம் பலகை நீரை உறிஞ்சி மேலே ஏற்றும். இரண்டடித் தண்ணீர் நின்றால் ஈரம் அதற்கும் மேலே போயிருக்கும். பலகை 4 அடி அகலத்தில் வருவதால் 4 அடி உயரத்தில் வெட்டுவது வழக்கம். தண்ணீர் அதை நெருங்கியிருந்தால் முழுச் சுவரும் போக வேண்டும். இதில் ஒரு நுணுக்கம்: 48 அங்குலத்தில் வெட்டாதீர்கள், 48½ அங்குலத்தில் வெட்டுங்கள். புதுப் பலகையைத் தரையிலிருந்து அரை அங்குலம் தூக்கி மாட்ட வேண்டும், இல்லையென்றால் தரையில் சிந்தும் தண்ணீரையெல்லாம் அது குடிக்கும். 48-இல் வெட்டிய சுவரில் அந்த இடைவெளிக்கு இடமிருக்காது. ஒவ்வொரு பலகையையும் சீவி உட்கார வைக்க நேரும்.

கண்ணாடியிழை இன்சுலேஷன் நனைந்தால் காய வைத்துப் பயன்படுத்த முடியாது, எல்லாம் வெளியே. வீடு தூணில் நின்றால் தரைக்கு அடியில் தொங்கும் இன்சுலேஷனை மறந்துவிடாதீர்கள். மேலே எல்லாம் காய்ந்த பிறகும் மாதக்கணக்கில் தரைப்பலகையை நனைத்துக்கொண்டிருக்கும் பொருள் அது. துகள்பலகைத் தரை உப்பியிருந்தால் அதுவும் போக வேண்டும்.

கடைசியாக, யாருக்கும் பிடிக்காத வேலை: ஸ்டட்களில், அதாவது நிற்கும் மரச்சட்டங்களில் நின்றுபோன ஆணி, திருகு எல்லாவற்றையும் பிடுங்குவது. கையால் தடவிப் பார்த்தால் தப்பும். ஒரு டிரைவால் கத்தியின் தட்டை ஓரத்தைச் சட்டத்தின் மேல் இழுத்துக்கொண்டே வாருங்கள், தட்டும் இடத்தில் ஆணி இருக்கிறது. விட்டுப்போன ஒரே திருகு புதுச் சுவரில் புடைப்பாகத் தெரியும்.

குப்பையைத் தெருவோரம் வகை பிரித்துப் போடுங்கள்: கட்டுமானக் கழிவு, மரக்கிளை, பெரிய மின்சாதனம், எலெக்ட்ரானிக்ஸ், பெயின்ட் போன்ற ஆபத்தான பொருள். மின்கம்பம், தண்ணீர் மீட்டர், தீயணைப்புக் குழாய் ஆகியவற்றின் மேல் குவித்தால் லாரி எடுக்காமல் போய்விடும்.

பூஞ்சைக்கு பிளீச் அடித்தால் போதாதா?

போதாது. பிளீச் மரத்தின் மேல்பரப்பை வெளுக்கும். அதிலிருக்கும் தண்ணீர் மரத்துக்குள் இறங்கி இன்னும் ஈரமாக்கும். கம்பித் தூரிகையால் தேய்த்து, நுண்ணிய தூளையும் பிடிக்கும் ஹெப்பா வடிகட்டி உள்ள வாக்குவம் கொண்டு உறிஞ்சி, சோப்புத் தண்ணீரால் துடைத்து, காய்ந்த பின் போரேட் கரைசல் அடிப்பதே முறை. அப்படியும் எங்கேனும் பிளீச் பயன்படுத்தினால் அமோனியா உள்ள துப்புரவுத் திரவத்தோடு கலக்காதீர்கள், விஷவாயு வரும். ஈரம் பட்ட 24 முதல் 48 மணி நேரத்தில் பூஞ்சை பிடிக்கத் தொடங்குவதால், எந்த மருந்தையும்விட வேகமாகப் பிரித்துக் காயவிடுவதே பலன் தரும்.

சுவரை எப்போது மூடலாம்?

ஈரமானி 15 விழுக்காட்டுக்குக் கீழே காட்டும்போது. கண்ணால் பார்த்தோ தொட்டோ முடிவு செய்யக் கூடாது. 22 விழுக்காட்டு மரமும் கைக்குக் காய்ந்ததாகவே படும். இரண்டு ஊசி உள்ள மீட்டர் விலை மலிவானது, குழுவுக்குக் குறைந்தது இரண்டு வைத்திருங்கள்.

எங்கே குத்துகிறீர்கள் என்பதில்தான் விஷயம். சுவரின் நடுவில் குத்தினால் எப்போதும் நல்ல எண் வரும். தரையோடு ஒட்டிப் படுத்திருக்கும் அடிச்சட்டத்தில் குத்துங்கள், அதுதான் கடைசியில் காயும். குளியல்தொட்டிக்குப் பின்புறம், சமையலறையின் வெளிச்சுவர், இரண்டு மூன்று சட்டங்கள் சேர்த்து அடித்திருக்கும் மூலைகள், வெளியே செங்கல் முகப்பு உள்ள சுவரின் பலகை ஆகியவற்றையும் பாருங்கள். அறைக்கு அறை, தேதியோடு எண்ணை ஸ்டட்டிலேயே பென்சிலால் எழுதிவிட்டால் அடுத்த வாரம் வரும் குழுவுக்கும் விளங்கும்.

வளைகுடாக் கரையின் புழுக்கத்தில் ஜன்னலைத் திறந்து வைத்தால் காயாது. மின்சாரம் வந்ததும் எல்லாவற்றையும் மூடி ஈரநீக்கியையும் விசிறிகளையும் ஓட விடுங்கள். வாரக்கணக்கில் ஆகும். "தொண்டர் குழு வெள்ளிக்கிழமை கிளம்புகிறது, அதற்குள் மூடிவிடலாம்" என்று அவசரப்பட்டு மூடிய சுவர்தான் அடுத்த ஆண்டு திரும்பவும் பிரிக்கப்படும் சுவர். குழு கிளம்பட்டும். மூடாமல் விட்டால் எதுவும் கெட்டுப்போகாது.

கூரையில் நீலத் தார்ப்பாய் போட்டிருக்கிறது. அது எவ்வளவு நாள் தாங்கும்?

ராணுவப் பொறியாளர் படை இலவசமாகப் போடும் நீலக் கூரை சுமார் 30 நாளுக்கான ஏற்பாடு. நடைமுறையில் பல வீடுகளில் ஓராண்டுக்கு மேலும் கிடக்கும், வெயிலில் நைந்து கிழியும். லூசியானாவின் லேக் சார்ல்ஸில் 2020 ஆகஸ்ட் 27-இல் லாரா சூறாவளி கூரைகளைப் பிய்த்தது. தார்ப்பாய் போட்டு ஆறு வாரம்கூட முழுதாக ஆகும் முன்னே, அக்டோபர் 9-இல் டெல்ட்டா வந்து தார்ப்பாயைப் பிய்த்தது. இரண்டாம் முறை நனைந்த வீடுகளில் கூரையோடு போயிருக்க வேண்டிய சேதம் உள்ளறை முழுதும் பரவியது.

தொண்டர்கள் தார்ப்பாய் போடுவதானால் ஓட்டையைச் சுற்றி எல்லாப் பக்கமும் நாலடி மிகையாக விடுங்கள். மேல் ஓரம் முகட்டைத் தாண்டி மறுபக்கம் போக வேண்டும். முகட்டுக்குக் கீழே நிறுத்தினால் வழிந்து வரும் மழை அடியில் நுழையும். ஓரத்தை மரச்சட்டத்தில் சுருட்டி அந்தச் சட்டத்தை ஆணியடியுங்கள், வெறும் துணியில் அடித்த ஆணி முதல் காற்றில் கிழித்துக்கொண்டு போகும்.

புதுக் கூரை போடும்போது எதை மாற்ற வேண்டும்?

பழையபடியே போட்டால் அடுத்த புயலுக்கு அதே வேலை. ஃபோர்ட்டிஃபைட் என்ற கூரைத் தரம் இருக்கிறது. காப்பீட்டுத் துறையின் ஆய்வு நிறுவனம் வகுத்தது. முழு வீட்டையும் மாற்றாமல் மூன்று இடத்தில் கை வைக்கிறது. கூரைப் பலகையை வரிவரியாகப் பள்ளம் உள்ள ரிங் ஷாங்க் ஆணியால் (அளவு 8டி) 6 அங்குலத்துக்கு ஒன்றாக அடிப்பது. வழவழப்பான ஆணியைவிடப் பிடுங்கக் கடினம். பலகைகளின் இணைப்பில் 4 அங்குல ஒட்டுநாடா ஒட்டுவது. மேலே வரிசையாகப் பதிக்கும் தார்த் தகடான ஷிங்கிள் பறந்தாலும் மழை உள்ளே இறங்காது. ஓரங்களில் அகலமான தகடும் ஒட்டும் தொடக்கப் பட்டையும் வைத்து, காற்று நகம் நுழைக்கும் இடத்தை அடைப்பது. கூடுதல் செலவு பெரிதில்லை. முக்கியமான ஒன்று: ஒவ்வொரு கட்டத்திலும் மதிப்பீட்டாளருக்குப் படம் வேண்டும். ஆணியை மூடிய பிறகு சான்றிதழ் கேட்டால் கிடைக்காது. அலபாமாவும் லூசியானாவும் இதற்கு 10,000 டாலர் வரை மானியம் தருகின்றன, காற்றுக் காப்பீட்டுக் கட்டணத்திலும் தள்ளுபடி உண்டு.

ஷிங்கிள் ஒன்றுக்கு நாலு ஆணியல்ல, ஆறு. காற்றழுத்தத் துப்பாக்கியின் அழுத்தம் கூடினால் ஆணித் தலை ஷிங்கிளையே அறுத்துக்கொண்டு உள்ளே போகும். பார்க்க அடித்த மாதிரி இருக்கும், பிடிமானம் இருக்காது. வெயில் ஏற ஏற ஷிங்கிள் இளகுவதால் காலையில் வைத்த அழுத்தத்தை மதியம் குறைக்க வேண்டும்.

அளவுக்கு ஒரு கணக்கு. இறவாரத்தோடு சேர்த்துத் தரைப்பரப்பு 1,400 சதுர அடி, 12-க்கு 6 சாய்வு (12 அடி நீளத்துக்கு 6 அடி ஏறுவது) என்றால் 1.118-ஆல் பெருக்குங்கள்: 1,565 சதுர அடி. சேதாரம் 10 விழுக்காடு சேர்த்தால் 1,722. நூறு சதுர அடிக்கு மூன்று கட்டு வீதம் 52 கட்டு ஷிங்கிள். முகட்டு ஷிங்கிளும் தொடக்கப் பட்டையும் தனி.

பலகையைக் கழற்றியிருக்கும்போதே கைமரமும் சுவரும் சேரும் இடத்தில் இரும்புக் கிளிப் போட்டுவிடுங்கள், பின்னால் போடுவது இருமடங்கு வேலை. கிளிப்பின் ஒவ்வொரு ஓட்டையிலும் தயாரிப்பாளர் சொன்ன ஆணி. டிரைவால் திருகு கூடாது, அது இழுத்தால் முறியும். கடலோரம் என்றால் துருப்பிடிக்காத எஃகு.

டிரைவால் எவ்வளவு வாங்குவது?

12-க்கு 14 அடி அறையின் சுற்றளவு 52 அடி. நாலடி உயரத்துக்கு 208 சதுர அடி, வாசலுக்கு 12 கழித்தால் 196. ஒரு பலகை 32 சதுர அடி. சேதாரத்தோடு ஏழு பலகை. பலகைக்கு 35 வீதம் 1¼ அங்குலத் திருகு சுமார் 250. வாங்கும் முன் மேலே மிச்சமிருக்கும் பழைய பலகையின் தடிப்பை அளந்துவிடுங்கள். அரை அங்குலம்தான் இருக்கும் என்று நினைத்து வாங்கி, பழையது எட்டில் ஐந்து அங்குலமாக இருந்து, சுவர் முழுக்க ஒரு படி தெரியும் வீடுகள் உண்டு.

பழைய வீடுகளில் வேறு ஆபத்து உண்டா?

1978-க்கு முன் கட்டியது என்றால் பெயின்டில் ஈயம் இருக்கலாம். அதைச் சுரண்டவும் உடைக்கவும் சான்றிதழ் பெற்றவரின் மேற்பார்வை வேண்டும். பழைய வினைல் தரை ஓட்டிலும் சொரசொரப்பான உட்கூரைப் பூச்சிலும் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், சோதிக்காமல் கை வைக்க வேண்டாம். நனைந்த பிரேக்கரும் பிளக் பாயின்ட்டும் காய்ந்தால் வேலை செய்யும், ஆனால் நம்பக் கூடாது. உரிமம் பெற்ற மின்பணியாளர் மாற்ற வேண்டும்.

மொபைல் ஹோமையும் பழுதுபார்ப்பார்களா?

1976 ஜூன் 15-க்கு முன் செய்தது என்றால் பெரும்பாலான அமைப்புகள் தொடாது. மத்தியத் தரம் வந்ததே அன்றுதான். 1992-இல் ஆண்ட்ரூ அடித்த பிறகு 1994-இல் காற்று விதி இன்னும் கடுமையாயிற்று. பழைய பெட்டியில் பணம் போடுவதைவிட மாற்று வீட்டுக்கு முயல்வது மேல்.

எனக்குக் கட்டுமான வேலை தெரியாது. வரலாமா?

தாராளமாக. பிரிப்பது, ஆணி பிடுங்குவது, இன்சுலேஷன் திணிப்பது, டிரைவால் மாட்டுவது, பெயின்ட் அடிப்பது ஆகியவற்றை ஒரு காலையில் கற்றுக்கொள்ளலாம். டிரைவால் இணைப்பைப் பூசி மட்டமாக்குவது கைப்பழக்கம். அதைப் புதியவரிடம் விட்டால் தேய்த்துச் சரிசெய்யவே இரண்டு நாள் போகும். மின்சாரம், குழாய், எரிவாயு பக்கம் போகவே வேண்டாம். ஆறேழு பேருக்கு வேலை தெரிந்த ஒரு தலைவர் போதும். இருபது பேர் ஒரே சிறு வீட்டுக்கு வந்தால் பாதிப் பேர் வாசலில் நிற்பார்கள்.

தினமும் பெயர், வந்த நேரம், போன நேரம், செய்த வேலை ஆகியவற்றை எழுதிக் கையெழுத்திடுங்கள். மத்திய அரசு தரும் பொதுச் சீரமைப்பு நிதிக்கு உள்ளூர் அரசு வழக்கமாக 25 விழுக்காடு பங்கு போட வேண்டும். தகுதியான அவசரப் பணிகளில் தொண்டர் உழைத்த மணிநேரத்தை அந்தப் பங்கில் ஈடாகக் காட்டலாம். கையெழுத்து இல்லாத மணிநேரம் கணக்கில் வராது.

துணிமணி, பழைய கதவு ஜன்னல் அனுப்பலாமா?

வேண்டாம். துணி மூட்டையைப் பிரிக்கவும் வைக்கவும் ஆள் தேடுவது தனிப் பேரிடர். ஜன்னல் அளவு பொருந்தாது, காற்றழுத்தச் சான்று இருக்காது. மலிவான பொருளும் பிறகு செலவு வைக்கும். கத்ரீனாவுக்குப் பின் பலகைத் தட்டுப்பாட்டில் சீனாவிலிருந்து வந்த டிரைவால் சில கந்தக வாயுவைக் கக்கி, அழுகிய முட்டை நாற்றம் அடித்து, செம்புக் கம்பிகளைக் கறுக்க வைத்தது. புதிதாகக் கட்டிய வீடுகளை மறுபடி பிரித்தார்கள். பணமாகக் கொடுங்கள், எந்த வீட்டுக்கு என்று நிபந்தனை போடாமல்.

இடித்துவிட்டுப் புதுமையாகக் கட்டினால் என்ன?

கட்டலாம், ஊரின் தட்பவெப்பத்துக்கு ஈடுகொடுக்க வேண்டும். நடிகர் பிராட் பிட் 2007-இல் தொடங்கிய மேக் இட் ரைட் அமைப்பு, நியூ ஆர்லியன்ஸின் லோயர் நைன்த் வார்டில் பெயர்பெற்ற கட்டடக் கலைஞர்களைக் கொண்டு 109 வீடுகள் கட்டியது. சில ஆண்டுகளில் ஒழுகலும் மரம் மக்கலும் தொடங்கி, குடியிருந்தவர்கள் வழக்குப் போட்டார்கள். 2022-இல் 20.5 மில்லியன் டாலருக்கு உடன்பாடு எட்டப்பட்டது. அந்த ஊர் மழைக்கு நல்ல சாய்வும் நீண்ட இறவாரமும் உள்ள சாதாரணக் கூரையை விஞ்சிய வடிவம் இல்லை என்பது எங்கள் கருத்து.

கான்ட்ராக்டரிடம் ஏமாறாமல் இருப்பது எப்படி?

வீடு தேடி வந்து "இன்றே கையெழுத்துப் போட்டால் தள்ளுபடி" என்பவரை அனுப்பிவிடுங்கள். உரிம எண்ணை மாநில இணையதளத்தில் பாருங்கள். பெர்மிட்டை அவர் பெயரில் எடுக்கச் சொல்லுங்கள். உங்கள் பெயரில் எடுக்கச் சொன்னால் உரிமம் இல்லை என்று ஊகிக்கலாம். வேலை முடிய முடியத் தவணை, கடைசித் தவணை இறுதிச் சோதனைக்குப் பிறகு. ஒவ்வொரு தவணையிலும் பொருள் விற்றவருக்குப் பாக்கி இல்லை என்று எழுதி வாங்குங்கள். அவர் கடைக்குப் பாக்கி வைத்தால் கடைக்காரர் உங்கள் வீட்டின் மீது உரிமை கோரலாம். ஃபீமா சோதனையாளர் எப்போதும் பணம் கேட்க மாட்டார்.

வீடு முடிந்து சாவி கொடுத்த பிறகு குடும்பம் செய்ய வேண்டியது ஏதும் உண்டா?

வெள்ளக் காப்பீடு. அபாயப் பகுதியில் இருக்கும் வீட்டுக்கு மத்திய அரசின் உதவி பெற்றிருந்தால் அதைத் தொடர்ந்து வைத்திருக்க வேண்டும் என்பது நிபந்தனை. விட்டுவிட்டால் அடுத்த வெள்ளத்தில் அந்த வீட்டுக்கு ஃபீமா உதவி மறுக்கப்படும். வீட்டை விற்றாலும் நிபந்தனை வீட்டோடு போகும், வாங்குபவரிடம் எழுத்தில் சொல்ல வேண்டும். புதிதாக எடுக்கும் காப்பீடு பொதுவாக 30 நாள் கழித்தே நடப்புக்கு வரும் என்பதால், புயல் வரைபடத்தில் தெரியும்போது எடுத்துப் பயனில்லை. மே மாதத்துக்கு முன்பே கட்டணம் கட்டியிருக்க வேண்டும். பல மீட்புக் குழுக்கள் முதல் ஆண்டுக் கட்டணத்தையும் வீட்டின் செலவிலேயே சேர்த்துவிடுகின்றன. பொறுப்பாளரிடம் கேளுங்கள்.